மாஸ்டர் ஃபேடரில் வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று நான்கு வருடமாகத் தயங்கினேன். எழுத உட்காருவேன், என் தப்பு வருகிற இடத்தில் நோட்டை மூடிவிடுவேன். போன ஆடி வெள்ளியில் அம்மனுக்கு விளக்கேற்றியபோது, இனி மறைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டேன். நான் எட்டாவது வரை படித்தவன். ஜமுனாமரத்தூரில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பிழை பொறுத்துப் படியுங்கள்.

1. கட்டை விரல்

பர்வீன் வாணியம்பாடிக்காரர். ஒரு சின்ன கம்பெனியில், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்குத் திரை வடிவமைக்கிற வேலை. பெரிய மிக்சருக்குப் பதிலாக டேப், அதாவது டேப்லெட் திரையிலேயே, மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடரும் திருகுகிற நாப்பும் படமாக இருக்கும். விரலால் இழுத்தால், மேடைக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் சத்தம் கூடும், குறையும். அதை நிஜத் திருவிழாவில் ஓட்டிப் பார்க்க ஆள் தேடி என் கடைக்கு வந்தார். மலைப் பாதை வளைவுகளில் வந்த தலைச்சுற்றல் தீருவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணா, உங்க பழைய மிக்சர்ல ஒரு மணி நேரம் வேலை செய்ங்க. நான் சும்மா பாக்குறேன்."

"இன்னாம்மா பாக்கப் போற? நான் இன்னா டான்ஸா ஆடப் போறேன்?"

"உங்க விரல் ஆடும்ல, அத்த பாக்கணும்."

கடையில் ஒருவரைப் பாடவிட்டு நான் வேலை செய்ய, அவர் பார்த்தார். நான் மிக்சரைப் பார்ப்பதே இல்லை, பாடுகிறவர் வாயைத்தான் பார்க்கிறேன், சுண்டு விரலை ஓரத்தில் ஊன்றிக்கொண்டு தடவியே ஃபேடரைப் பிடிக்கிறேன் என்று எழுதிக்கொண்டார். இவ்வளவு வருடமாக எனக்கே தெரியாத சங்கதி அது. பிறகு ஸ்டாம்ப் மையில் என் கட்டை விரலைத் தோய்த்து, தன் நாப்புகளை வரைந்திருந்த கட்டம் போட்ட தாளில் பதியச் சொன்னார்.

"அய்யய்யோ, இந்த ஒரு விரலுக்கு என் மூணு நாப்பும் மூடிப்போச்சே!"

அடுத்த தடவை வந்தபோது நாப் எல்லாம் மாறியிருந்தது. திரையில் வட்டமாகத் திருகினால் விரல் வழுக்குகிறது என்று, மேலே தள்ளினால் கூடும், கீழே இழுத்தால் குறையும் என வைத்திருந்தார். எவ்வளவு வைத்தோம் என்ற எண் விரலுக்கு மேலே தெரிந்தது. எத்தனையோ பெரிய மிக்சர்களைத் தொட்டிருக்கிறேன். என் விரல் எவ்வளவு தடிமன் என்று கேட்டு யாரும் செய்ததில்லை.

2. அலறல்

எங்கள் வழக்கம், திருவிழாவில் எந்தச் சாமானை முதலில் எடுத்தாலும் அதற்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டித்தான் ஸ்விட்ச் போடுவோம். டேப்பை முதன்முதலாக ஓட்டிய அம்மன் திருவிழாவில் ஆம்ப்ளிஃபையருக்கு வைத்தேன், ஸ்பீக்கர் பாக்ஸுக்கு வைத்தேன். டேப்பும் புதுச் சாமான்தானே? ஈரச் சந்தனத்தை அதன் திரையிலும் வைத்தேன். வைத்த இடம், மொத்தச் சத்தத்தையும் ஆளுகிற மாஸ்டர் ஃபேடர் கோட்டின் மேல் முனை.

பம்பைப் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. டேப்பில் சார்ஜ் இறங்கியது. சார்ஜரைச் சொருகினேன். அடுத்த நொடி மாஸ்டர் உச்சிக்குத் தாவியது. ஸ்பீக்கர்கள் கீச்சென்று அலறின. பாடியவர் மைக்கைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"யோவ் மைக்செட்டு! அம்மன் எறங்கற நேரத்துல இன்னாய்யா பண்ற?" என்று ஒருவர் கத்தினார்.

எல்லா வயரையும் பிடுங்கினேன். திரையைத் துண்டால் துடைத்தேன். பொட்டு போனதும் ஃபேடர் சொன்னபடி கேட்டது. அப்போதே புரிந்துவிட்டது. சார்ஜர் மாட்டியதும் ஈரச் சந்தனத்தை விரல் என்று திரை எடுத்துக்கொண்டது. தொட்ட இடத்துக்குத் தாவுவதுதான் அன்றைக்கு அந்த ஃபேடரின் குணம்.

ஆனால் பர்வீனுக்கு போன் செய்து, "தானா ஏறிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னேன். சாமி பேரைச் சொல்லி வைத்த பொட்டைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. விவரம் கெட்டவன் என்று நினைப்பாரே என்ற கூச்சமும் இருந்தது.

3. இருபது நாள்

இன்னொரு முறை இப்படி ஆனால் இந்தத் திரை மிக்சரையே கைவிடுவோம் என்று பர்வீனின் முதலாளி சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு. பர்வீன் இருபது நாள் காரணம் தேடினார். போன் மேல் போன்.

"அண்ணா, வேற யாராச்சும் தொட்டாங்களா?"

"தெரியலம்மா."

பிறகு முதலாளியோடு கடைக்கு வந்தார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. "காரணமே தெரியாத கோளாற வெச்சுக்கினு எப்பிடிம்மா விக்கிறது? விட்டுடலாம்" என்றார் முதலாளி. பர்வீன் டேப்பை உறையில் போட்டார். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான் ஃபேடர் மேல சந்தனம் வெச்சுட்டேன்."

"யோவ், ஃபேடருக்குப் பொட்டா? அப்புறம் கற்பூரமும் காட்டுவியா?"

"காட்னேன் சார்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பர்வீன் சிரிக்கவில்லை. "இருபது நாள், அண்ணா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"திரையில எதுவும் வெக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டிடலாம். முடிஞ்சுது வேலை" என்றார் முதலாளி.

"வேணாம் சார்" என்றார் பர்வீன். "இவுரு பொட்டு வெக்கத்தான் செய்வாரு. இன்னொருத்தர் மழையில நிப்பாரு, இன்னொருத்தருக்கு வேர்வை சொட்டும். தொட்ட எடத்துக்குத் தாவுற மாதிரி வெச்சது நான். விரல் எங்க பட்டாலும் ஃபேடர் நின்ன எடத்துலயே நிக்கணும். விரல் நகர்ந்தாத்தான், நகர்ந்த அளவுக்கு நகரணும். ஒரு வாரம் குடுங்க."

ஒரு வாரத்தில் மூவரும் மறுபடி கூடினோம். சத்தம் ஏறினால் உடனே அலறட்டும் என்று மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரிலேயே நிறுத்தினோம்.

"சந்தனம் கரைங்கண்ணா. அன்னைக்கி எங்க வெச்சீங்களோ அங்கயே வெய்ங்க."

அம்மா தாயே என்று சொல்லிக்கொண்டு வைத்தேன். பர்வீன் சார்ஜரைச் சொருகினார். முதலாளி முன்கூட்டியே காதைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் அசையவில்லை. பொட்டு அங்கேயே இருக்க, நான் அதே ஃபேடரில் வேறு இடத்தில் விரல் வைத்து மெதுவாகத் தள்ளினேன். சத்தம் என் விரலோடு கூடவே ஏறியது. முதலாளி காதிலிருந்து கையை எடுத்து, "அடுத்த திருவிழா எப்போ?" என்றார்.

எவ்வளவோ பேர் என்னிடம் சாமான் விற்றிருக்கிறார்கள். இப்படி வைக்காதே, அப்படித் தொடாதே என்றுதான் சொல்வார்கள். என் பக்தியையும் என் தடித்த விரலையும் இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டு, தன் ஃபேடரைத் திருத்தியவர் பர்வீன் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை பூஜையில் அவர் பெயரையும் சொல்கிறேன்.

தொழிலுக்கு வருகிறவர்களே, கோளாறு வந்தால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த இருபது நாள் மிஞ்சியிருக்கும். இதைப் படித்து முடித்தவர்கள் இன்னொருவருக்குக் கொடுங்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், அவர் பெருமைக்காக எதையும் கூட்டவும் வேண்டாம். உள்ளபடியே போகட்டும்.