நெற்றியில் பட்ட கை

போன வருடம் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் என் மூச்சு நின்று திரும்பியது. அந்த இருட்டில், இறந்துபோன என் மனைவி வந்து நெற்றியில் திருநீறு பூசி, "ஏங்க, வூட்டுக்குப் போங்க" என்றாள். பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன்.

நேற்று பெங்களூரிலிருந்து போனில் பேசிய மகள் சிரித்தாள். "அப்பா, திருநீறு பூசுனது நானுங்க. கண்ணு முழிச்சதும் யாரோட கையோன்னுதான் சொன்னீங்க. அம்மா அப்புறமா உங்க கதையில வந்து சேர்ந்துட்டாங்க."

மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நெற்றியில் பட்டதோ களையெடுத்துக் காய்த்துப்போன கை. இன்று காலை அதைச் சொல்லத்தான் போனை எடுத்தேன். அந்தக் காய்ப்பும் பிறகு வந்து சேர்ந்ததுதானோ என்று தோன்றவே, வைத்துவிட்டேன்.

முருகன் படத்தின் முன் உட்கார்ந்து, "அவ வந்தது நெசந்தானே, முருகா?" என்று கேட்டேன். வீட்டில் கேட்க வேறு யாரும் இல்லை.