தெரியாதவனுக்குக் கேஸ் இல்லை

எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் பதினான்கு வருடமாக ஆலோசகராக இருக்கும் கிளாடிஸுக்கு நோயைவிடச் சட்டத்தின் மேல்தான் எரிச்சல். நோயை மறைத்தால் வழக்கு என்னும் பிரிவை நீக்கச் சொல்லி மூன்று மனு போட்டுவிட்டாள். பதில் இல்லை.

மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போகும் ரீகனுக்கு மாதக் கடைசியில் கல்யாணம். ரத்தம் எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வந்தவன், பேனாவைக் கீழே வைத்தான்.

“வேண்டாம்க்கா. தெரிஞ்சும் சொல்லாட்டாதான் கேஸாம். தெரியாதவனுக்குக் கேஸ் இல்லன்னு வக்கீல் அண்ணாச்சி சொல்லுதாரு.”

“ஏலே, கிருமி என்ன வக்கீலக் கேட்டுட்டா வருது?”

அவன் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பங்குச் சாமியார் அவன் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாம் முறையாக வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார். கிளாடிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் எதுவும் தெரியாது, ரீகனுக்கும்தான். சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது.