மூன்று துளி ஏறாவூர்க் கசப்பு

விஸ்கி ஊற்றுவது கை வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் பாருக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அது முழுக்க வாய் வேலை. அடுத்தவர் நாக்கை நம்பிப் பிழைக்கும் எவருக்கும் என் பாடு விளங்கும்.

பழசு

மட்டக்களப்பு கல்லடியில் இருந்த என் தேநீர்க்கடையைச் சுனாமி கொண்டுபோன பிறகு, வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் என்னைப் பாரில் நிறுத்தினார்கள். வேலையைப் பழகிக்கொள்ள மனேஜர் ஒரு மாதத் தவணை தந்திருந்தார். கூடாரத்தில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். உண்மையைச் சொன்னால், எனக்குச் சரியான பயம்.

முதல் வாரமே சுனாமி வீடுகள் கட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் 'ஓல்ட் ஃபேஷன்ட்' கேட்டார். இருந்ததிலேயே பழைய போத்தலைத் தேடி, தூசியைக்கூடத் துடைக்காமல் கொண்டுபோய் வைத்தேன். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். முந்தி அமெரிக்காவில் விஸ்கிக்குள் கண்டதையெல்லாம் கலக்கத் தொடங்கினார்களாம். கிழடுகள் கோபப்பட்டு, சீனி, கசப்பு மருந்து, விஸ்கி மட்டும் போட்டுப் பழைய முறையில் தா என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் வந்ததாம்.

"பழசு போத்தல் இல்லை தம்பி, செய்யும் முறை!"

கசப்பு

அந்தக் கசப்பு மருந்துக்கு மட்டக்களப்பில் எங்கே போவது? ஏறாவூரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம் போனேன். விஸ்கிக்கு என்று அவரிடம் எப்படிக் கேட்பது? ஒரு வெள்ளைக்காரருக்கு வயிறு சரியில்லை என்றேன். பாவம், நிலவேம்பு, கறுவாப்பட்டை, கராம்பு எல்லாம் போட்டுக் காய்ச்சிய கசாயத்தைச் சின்னப் போத்தலில் தந்தார்.

"மூண்டு துளி போதும் மனே. சாராயத்தோட மட்டும் குடிக்க வேணாமெண்டு செல்லுங்க!"

தீர்ப்பு

கிளாஸில் சீனி, மூன்று துளி கசாயம், கொஞ்சம் தண்ணீர். கரைத்து, விஸ்கியும் ஐஸும் போட்டு, மஞ்சள் ஆரஞ்சுக்குப் பதில் நம்மூர்ப் பச்சைத் தோடம்பழத் தோலை மேலே பிழிந்தேன். மனேஜர் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினியர் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். என் உயிர் போய் வந்தது. எந்த ஊர்க் கசப்பு என்று கேட்டார். ஏறாவூர் வயிற்று மருந்து என்று உளறிவிட்டேன். அமெரிக்காவிலும் முதலில் அதை வயிற்று மருந்தென்றுதான் விற்றார்களாம்; சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டார்.

மனேஜர் கிட்ட வந்தார். "நாளைக்கு வரக்குள்ள சேட்ட அயன் பண்ணிப் போட்டுக்கு வா. இனி நிரந்தரம்."

நோயாளி

வருடங்கள் போயின; நாட்டில் சண்டையும் முடிந்தது. அத்தனை வருடமும் மாதம் தவறாமல் அந்தப் போத்தலை வாங்கினேன். ஒரு நாள் காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் உண்மையான கவலை.

"இத்தன வருசமா ஒரு மனுசன்ட வயிறு சரிவரல்லியே மனே! மருந்த மாத்துவமா?"

இந்தத் தொழிலில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், அதற்கு மருந்து அவர் கடையிலும் இல்லை.