சிங்கப்பூரிலிருந்து பெங்களூருக்கு இரண்டு மணி நேரமா?

போன சனிக்கிழமை மைசூரிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்குப் போய் வந்தோம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் தட்டச்சு செய்வதால் பிழைகள் இருக்கலாம். பெரியப்பா பார்த்தால் இந்த சிம் இல்லாத பழைய போனும் போய்விடும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிடுவதாகவும் முன்பே மிரட்டியிருக்கிறார்.

அம்மா சிங்கப்பூரில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறாள். அவளைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. அந்தக் குடும்பம் டெல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பெங்களூரில் விமானம் மாற வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் இரண்டு மணி நேரம் எங்களோடு இருக்க அம்மாவுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள்.

அம்மா அனுப்பிய டிக்கெட்டில் புறப்பாடு 9:30, வருகை 11:30 என்று இருந்தது. பெரியப்பா போனில் தூரம் பார்த்தார். சுமார் 3,170 கிலோமீட்டர், நாலரை மணி நேரம்.

"மூவாயிரம் கிலோமீட்டரை ரெண்டு மணி நேரத்துல வருதாம்! டிக்கெட் தப்பு. ஒன்பதரையோட நாலரையைக் கூட்டு. ரெண்டு மணிக்குத்தான் இறங்கும்."

"இல்ல பெரியப்பா, அங்க மணி நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அவங்க ஒன்பதரை நமக்கு ஏழு. ஏழும் நாலரையும் பதினொன்றரை. டிக்கெட் சரி."

"நீ பெரிய பைலட்டு. போய்ப் பைய எடு."

ஏழு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குக் கிளம்பினோம். வழி சுமார் 185 கிலோமீட்டர், கார் வாடகை டோலோடு 5,800 ரூபாய். மத்தூரில் வடைக்காக முக்கால் மணி நேரம். "பேக ஹோகோணா சார், ஹெப்பாளல ஜாம் இருக்கும்" என்று டிரைவர் மஞ்சுதான் அவசரப்படுத்தினார்.

கெங்கேரி அருகே, 12:20க்கு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெரியப்பா துண்டித்தார். "லோன் வேணுமாம்பானுங்க." மறுபடியும் வந்தது.

"எடுத்துப் பாருங்களேன் பெரியப்பா, அம்மாவா இருக்கும்."

"உங்கம்மா இப்போ ஆகாசத்துல இருக்கா. அங்கேயிருந்தா போன் பண்ணுவா?"

அதையும் துண்டித்தார்.

2:25க்குப் போய்ச் சேர்ந்தோம். தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஊழியர் அண்ணன் ஒருவர் நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டுத் திரும்பினார். "மைசூரா? ஒரு அம்மா என் போன்லதான் கூப்பிட்டாங்க. இந்தத் தூண்கிட்டயே நின்னாங்க. குழந்தை அழுவுதுன்னு கூட வந்த குடும்பத்துக்காரங்க இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க." டிக்கெட் இல்லாமல் எங்களை உள்ளே விடவில்லை.

இதுவரை நடந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரவு டெல்லியிலிருந்து அம்மா பேசியபோது பெரியப்பா ஸ்பீக்கரைப் போட்டு, "உன் பொண்ணு ரெண்டு மணின்னு கணக்குப் போட்டா, நம்பிப் போனோம்" என்றார்.

"நீ கணக்குல கெட்டியாச்சே கண்ணு, எப்படிடி தப்பாச்சு?" என்று அம்மா கேட்டாள். பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பாப் போட்டுட்டேம்மா" என்றேன்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இறங்கும் நேரத்தை அப்படியே நம்பலாம், எதையும் கூட்டக் கூடாது. மைசூரிலிருந்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத எண்ணையும் எடுங்கள்.

அம்மா, நான் பதினொன்றரை என்றுதான் சொன்னேன்.