முன்வரிசை முகம்

புதன்கிழமை என்றால் பயத்தம் மாவும் தயிரும். காலை ஏழு மணிக்குக் கலியாணசுந்தரம் கண்ணாடிக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, முகவாயில் ஆரம்பித்து மேல்நோக்கியே பூசுவார். கீழே இழுத்தால் கன்னம் தொங்கிவிடுமாம். வெள்ளிக்கிழமைக்குச் சந்தனம், ஞாயிற்றுக்கிழமைக்கு முல்தானி மட்டி, எண்ணெய் வழிகிற சித்திரைக்குத் தக்காளி, தோல் வெடிக்கிற மார்கழிக்குப் பாலாடை. சலூனில் கிடந்த வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து வந்த அழகுக் குறிப்புகள் பதினொன்று அவருடைய டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. எல்லாமே 'சகோதரிகளே' என்று தொடங்குகின்றன. அதைப் பற்றி அவருக்கு ஆட்சேபம் இல்லை.

பற்று காய்கிற அரைமணி நேரம் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் சுருக்கம் விழும். மனைவி கிருஷ்ணவேணிக்குக் குடும்பம் நடத்த வாய்த்த பொன்னான நேரம் அதுதான். ஓடு ஒழுகுவது, மச்சினன் வீட்டுக் காதுகுத்து, எல்லாவற்றையும் அப்போதே சொல்லி, எதிர்ப்பு இல்லாததால் சம்மதமும் வாங்கிக்கொண்டுவிடுவாள்.

"வடைக்கு வெச்ச பயறெல்லாம் உங்க மூஞ்சிக்கே போவுது. நாங்க இன்னாத்த துண்றது?" என்பாள்.

அவர் ஒரு விரலை உயர்த்துவார். இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

வயது நாற்பத்து மூன்று. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் முன்வரிசை விற்பனையாளர். வெள்ளை விரிப்பில் கல்யாண வீட்டார் உட்கார்ந்ததும் புடவையை உதறி, கொசுவத்தை இடுப்பில் செருகி, முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் அரைவட்டம் சுற்றுவார். மீசை வைத்த மணப்பெண்ணைப் பார்த்து இந்த ஊரில் யாரும் சிரிப்பதில்லை, கரையைத்தான் பார்ப்பார்கள். உள் அறையில் புடவை மடித்துக்கொண்டு எத்தனையோ பேர் இருக்க, பதினான்கு வருஷமாகத் தன்னையே முன்னால் நிறுத்தியிருப்பது தன் முகக்களைக்காகத்தான் என்பது அவருடைய தீர்மானம். அந்தக் களை வாடிவிடக் கூடாதென்று மார்கழி மாதத்திலும் குடை பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

சிரிக்கலாம்தான். ஆனால் பெண் பார்க்கப் போன அன்று, "மாப்பிள்ளை இருட்டுல நின்னா வேட்டி மட்டுந்தான் தெரியும்" என்று கிருஷ்ணவேணியின் அத்தை உள்ளே சொன்னது கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் காதில் விழுந்தது. அத்தை செத்துப் பல வருஷம் ஆகிறது. அவளுக்குப் பதில் சொல்லத்தான் இவர் இன்னும் பூசிக்கொண்டிருக்கிறார்.

தை மாத முகூர்த்தங்களுக்குக் கூட்டம் ஏறிய நேரத்தில் சிட்டிபாபு வேலைக்கு வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது, எலுமிச்சம்பழ நிறம். "பையன் நல்லா இருக்கான்" என்று முதலாளி சொன்னது ஒரே ஒரு தடவை. கலியாணசுந்தரம் அன்று நாலைந்து தடவை நிலைக்கண்ணாடி முன் போய் நின்றார். உள் அறைக்குப் போய்விட்டால் அங்கே கண்ணாடியே கிடையாது.

பதினொரு குறிப்புகளும் போதாதென்று பட்டது. சாயப்பட்டறைக்காரர் வீட்டில் பிறந்தவர் அல்லவா, மூளை அந்தப் பக்கம் போயிற்று. பட்டுநூலை முதலில் சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்துப் பிசின் போக்குவார்கள். பிசின் போன நூல்தான் சாயத்தைப் பிடிக்கும். முகத்துக்கு மட்டும் வேறு நியாயம் உண்டா? கொதிக்கவைக்க முடியாதே தவிர, சோடா உப்பைக் கரைத்து நன்றாகத் தேய்த்தார். கழுவிவிட்டு மேலே மஞ்சளைக் குழைத்து அப்பினார். பத்திரிகை ஒரு சிட்டிகை என்றது, இவர் ஒரு கரண்டி போட்டார். அரைமணி என்றது, இரண்டு மணி நேரம் ஊறினார். கிருஷ்ணவேணி அன்று காதுகுத்தோடு நிற்காமல் மச்சினனுக்கு மோதிரமும் முடிவு செய்துவிட்டாள்.

நூல் சாயத்தைப் பிடித்தது. எத்தனை கழுவியும் விடவில்லை.

அன்று கடைக்கு முதல் ஆளாக வந்தவள் மாகறல் கிராமத்து மணியம்மாள். மகள் பெரியநாயகிக்கு முகூர்த்தப் புடவை. பெண் நல்ல கறுப்பு, குனிந்த தலை. கலியாணசுந்தரம் அரக்குப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். மணியம்மாள் புடவையைப் பார்க்கவில்லை.

"இன்னா தம்பி, மாரியாத்தா கோயில் கல்லாட்டம் வந்து நிக்கிறீங்க. எம் பொண்ணுக்கு இது எடுக்குமா எடுக்காதான்னு நான் எப்பிடிப்பா கண்டுபிடிக்கிறது?"

சிட்டிபாபு மேல் போட்டுக் காட்டினார்கள். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

முதலாளி அவரை உள் அறைக்குக் கூப்பிட்டார். கலியாணசுந்தரம் பின்னாலேயே போனார். இனி இங்கேதான் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏம்பா சுந்தரம், உனக்கு இன்னா கேடு?" என்றார் முதலாளி. "சிட்டிபாபு மேல எதப் போட்டாலும் எடுக்குது, அதனால எவனும் நம்ப மாட்டேங்கிறான். உம்மேல எடுத்திச்சின்னா எம் பொண்ணு மேலயும் எடுக்கும்னுதான வாங்கிக்கினு போறாங்க? அந்த நெறத்துக்குத்தான்பா பதினாலு வருஷமா உன்ன முன்னால நிக்க வெச்சிருக்கேன். அதப் போயி கெடுத்துக்கினு நிக்கிறியே. குடைய மடிச்சி வெச்சிட்டு வெயில்ல நட."

வேலை போகவில்லை. பதினான்கு வருஷத்துப் பயறும் சந்தனமும் துளிகூடப் பலிக்காததால்தான் அது பிழைத்திருந்தது. கலியாணசுந்தரம் சரி முதலாளி என்றார். தோளில் கிடந்த அரக்குப் புடவையை எடுத்து மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மஞ்சள் முகத்தை உச்சிவெயிலுக்கு நன்றாகக் காட்டியபடி காந்தி ரோட்டில் நடந்தார். தெரு திரும்பியதும் நின்று, கடை கண்ணில் படவில்லை என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, குடையை விரித்தார்.