வேப்பந்தெருவுக்குள் வந்த நாவல்

எங்கள் தெருவில் வேப்பமரம் தவிர வேறு மரத்துக்கு இடம் கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் தெரு. தறியில் ஏற்றப்போகிற நீளவாட்டு இழைகளைப் பாவு என்போம். விடிந்ததும் பட்டுப் பாவைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். வெயில் சுள்ளென்று பட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை அறும், அதனால் நிழல் வேண்டும். நாவல் வைத்தால் பழம் விழுந்து பட்டில் கறை, புங்கன் வைத்தால் பூ கொட்டும் என்று, தெருக்கோடி அம்மன் கோயில் மரத்து விதையிலிருந்தே இரண்டு பக்கமும் வேம்பு வளர்த்தார்கள். வேம்பு மட்டும் பூ கொட்டாதா? கொட்டும். அம்மன் மரத்துப் பிள்ளைகள் ஆயிற்றே, குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் என் வீட்டுக்காரர். காக்கை எச்சத்தில் வேறு செடி முளைத்தால் பல் துலக்கிக்கொண்டே பிடுங்கி எறிவார். வேம்பே ஆனாலும் வரிசைக்கு வெளியே முளைத்தால் தப்பாது. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை வாசலில் நாவலும் புங்கனும் கொய்யாவுமாகக் கலந்து நிற்கும். தெருவா இது, காய்கறிக் கடையாட்டம் இருக்குதே என்று சிரிப்பார். அவளும் விடமாட்டாள். பழம் வேண்டுமென்றால் மட்டும் அண்ணனுக்கு வழி தெரிகிறதே என்பாள்.

நான் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். காட்டில் ஏன் இத்தனை வகை மரங்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறேன். அந்தந்த மரத்துக்கென்றே பூஞ்சையும் பூச்சியும் உண்டு. அவை தாய்மரத்தின் காலடியில் சேர்ந்துவிடும். அங்கேயே விழுந்து முளைத்த அதன் கன்றுகள் பெரும்பாலும் அழுகிச் சாகும், தள்ளிப் போய் விழுந்தது பிழைக்கும். காலியான இடத்தில், அந்த நோய் தீண்டாத வேறு மரம் எழும்பும். காடு முழுக்க ஒரே மரத்தின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதில் நோய்க்கும் பங்கு உண்டு. இதை வீட்டில் சொன்னால், காடு வேறு தெரு வேறு என்று என்னை அடக்கிவிடுவார்.

இரண்டு வருஷமாக மழைக்காலம் முடியும்போது வேம்பின் நுனிகள் கருகின. ஊரெங்கும்தான் கருகிற்று, ஆனால் மற்ற இடங்களில் பங்குனிக்குள் பெரும்பாலும் துளிர்த்துவிட்டது. எங்கள் தெருவில் கிளையோடு கிளை உரசி நிற்பதெல்லாம் ஒரே வகை மரம். நோய்க்கு வரிசையாக இலை போட்டுப் பந்தி வைத்தது போல ஆயிற்று. பாதி மரங்கள் துளிர்க்கவேயில்லை. எங்கள் வாசல் மரம் பட்டை உரிந்து நின்றது.

அப்போது அவர் கையில் ஒரு கல்யாணப் பட்டு. நிழலில்லாத தெருவில் இழை அறுந்துகொண்டே இருந்தது. முடி போட்டுப் போட்டு மனிதர் நொந்துபோனார். பட்டுப்போன மரத்தை எடுத்துவிட்டு அதே குழியில் அம்மன் மரத்தடிக் கன்றை வைத்தார். தண்டு மண்ணோடு நைந்து சாய்ந்தது. மறுபடி வைத்தார், மறுபடி சாய்ந்தது. அந்த மண்ணில் வேம்பு வேண்டாம், வேறு மரம் வையுங்கள் என்றேன்.

"பட்டுல கறை பட்டா உன் பாடமா வந்து பதில் சொல்லும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

விஷயம் தெரிந்து நாத்தனார் வந்தாள். பாவை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வா, காய்கறிக் கடைதான், ஆனால் நிழல் இருக்கிறது என்றாள். வேறு வழியில்லாமல் போனார். ஒரு முனை பிடிக்க நானும் போனேன். ஆனி மாதம், நாவல் பழுத்திருந்தது. அதற்கும் கொய்யாவுக்கும் நடுவே, இத்தனை நாள் நாங்கள் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு வேம்பு பச்சைப்பசேலென்று நின்றது. இந்தக் கன்றை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

"எங்க வாங்கினேன்? நம்ம அம்மன் மரத்தாண்ட வரிசைக்கு வெளிய முளைச்சுதுன்னு நீ புடுங்கிப் போட்டதுதாண்ணா. கல்யாணமாயி வரும்போது எடுத்துக்கினு வந்து வெச்சேன்."

அவர் மரத்தில் கை வைத்தபடி நின்றார். பாடம் என் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன், பாவமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நாவல்பழம், நல்லவேளை பாவில் விழாமல், அவருடைய வெள்ளை பனியனில் விழுந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சாயங்காலம் அந்தக் கறை பனியனோடேயே எங்கள் வாசலில் மண்வெட்டியை எடுத்தார். நாவலை எவ்வளவு தள்ளி வைத்தால் பழம் பாவு மேல் விழாது என்று கேட்டார். அது என் பாடத்தில் இல்லை. இருவருமாகத் தெருவில் நின்று, பாவு ஓடும் இடத்தைக் கண்ணால் அளந்து பார்த்தோம்.

"வேம்பு வேணாமா?" என்றேன்.

"அதான் அவ வூட்ல பத்திரமா இருக்குதேமா" என்றார்.