வாசல்வரை வரும் சூட்கேஸ்

எனக்குப் பிடித்த நகைச்சுவைத் தொடரில் ஒரு மருமகன் இருக்கிறான். ஒரு வாரம் தங்கிப்போக மாமனார் வீட்டுக்கு வந்தவன், மூன்றாவது வருடமாக அங்கேயே இருக்கிறான். தினமும் ஏதோவொரு ரோசத்தில் உடுப்புகளை அடுக்கி, சூட்கேஸை வாசலுக்குக் கொண்டுவந்து வைப்பான். மாமனாருக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆனாலும் மரியாதைக்காக, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே மாப்பிள்ளை" என்பார். "நீங்க இவ்வளவு தூரம் சொல்றப்ப" என்று அவன் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். மாமனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான் கதை.

முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு இலக்கியம் படிப்பித்தவன் நான். நகைச்சுவை என்ற தலைப்பு வந்தால் எதிர்பாராமை என்று கரும்பலகையில் எழுதி, அதன் கீழே கோடு போடுவேன். இந்தத் தொடரில் எதிர்பாராதது ஒன்றுமே இல்லை. சூட்கேஸ் வாசலுக்கு வரும், திரும்பிப் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருப்பதுதான் சிரிப்பு. நமக்குத் தெரிந்தது அந்த மாமனாருக்கு மட்டும் தெரியாது. இதை நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. அக்குறணையில், என் தங்கச்சி வீட்டில், எழுபது வயதுக்குப் பிறகு படித்தேன். படித்த விதம் பெருமைப்படக்கூடியது அல்ல.

தங்கச்சியும் அவளுடைய கணவரும் மாலையில், மஃரிப் தொழுகைக்கும் இஷாத் தொழுகைக்கும் நடுவில் அந்தத் தொடரைப் பார்ப்பார்கள். மச்சானுக்கு மாத்தளை ரோட்டில் ஹார்ட்வெயார் கடை. அந்த அரை மணித்தியாலத்துக்குக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். சூட்கேஸ் தலைகாட்டியதும் திரையைப் பார்த்து, "போவான், போவான்" என்பார். சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரிப்பார். தங்கச்சி முதுகைத் தடவிவிடுவாள். நான் அங்கே போகிற நாட்களில் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். படித்த மனிதன் இதையெல்லாம் பார்க்கக்கூடாது என்ற எண்ணம்.

மச்சான் மாரடைப்பில் மௌத்தானார். தங்கச்சி இத்தாவில் இருந்தாள். எங்கள் வழக்கப்படி நான்கு மாதமும் பத்து நாளும் அவள் வெளியே போகமாட்டாள், அந்நிய ஆண்கள் முன் வரமாட்டாள். அவளுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன் என்பதால் நான் அறைக்குள் போய்வரலாம். மூன்றாவது வாரம் ஒருநாள் மஃரிப் தொழுதுவிட்டுப் போனேன். கேற்றைத் திறக்கும்போதே சிரிப்புச் சத்தம். தங்கச்சியும் அவள் மகளும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள். தங்கச்சி குரலைத் தடிப்பாக்கி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

நான் அறை வாசலில் நின்று, "மௌத்தான வீட்டுச் சிரிப்பு ரோட்டுக்குக் கேக்குது" என்றேன்.

தங்கச்சி முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள். மகள் எழுந்து டிவியை நிறுத்தினாள். அடுத்த நாள் ஒரு த்ரீவீல் பிடித்துக்கொண்டு போய், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி, டிவியைக் குண்டசாலைக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். த்ரீவீல் கிளம்பும் நேரம் மகள் ஓடிவந்து ரிமோட்டை நீட்டினாள்.

"மாமா, இதையும் கொண்டு போகட்டாம். உம்மா தந்தாங்க."

ரிமோட்டின் பின்மூடி உடைந்து, மச்சான் அதை நீல நிறப் பிளாஸ்டர் சுற்றி ஒட்டியிருந்தார்.

இதைச் செய்வதற்கு முன் நான் யாரிடமும் கேட்கவில்லை. பிறகு பள்ளிவாசல் இமாமிடம் கேட்டபோது, துக்கத்தில் இருக்கிற பெண் சிரிக்கக்கூடாது என்று நான் எந்தக் கிதாபில் படித்தேன் என்று திருப்பிக் கேட்டார். எந்தக் கிதாபிலும் படிக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மனைவி மௌத்தான வாரத்திலேயே மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போய், அதே டிவியில் கிரிக்கெட் காட்டினார். யாரோ பந்தை விட்டுவிட்டு விழுந்ததற்கு நான் சத்தமாகவே சிரித்தேன். அன்று என் சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டதென்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

என் வீட்டு டிவி பழையது, சின்னது. தங்கச்சியுடையதை ஹோலில் வைத்தேன். சும்மா இருக்கட்டும் என்றுதான் வைத்தேன். ஒருநாள் மாலை செய்தி கேட்கப் போட்டபோது தங்கச்சி கடைசியாகப் பார்த்த சேனலே வந்தது. சூட்கேஸ் வாசலில் இருந்தது. மாமனார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நாளும் போட்டேன். பிறகு அந்த நேரத்துக்கு யாராவது வந்தால் எரிச்சல் வருகிற அளவுக்கு ஆனேன். அதற்குப் பின்னால் வருகிற சிங்களத் தொடரையும் பார்த்தேன். அதில் ஒரு கிராம சேவகர், கையெழுத்துக்கு வருகிறவர்களை நிற்க வைத்துவிட்டு ரப்பர் முத்திரையைத் தேடுவார். முத்திரை அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கும். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள், பெரிய மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று சும்மா இருப்பார்கள். அவர் சிரிக்கவே மாட்டார். சிரித்தால் கெட்டுவிடும்.

தமிழ்த் தொடரில் பின்னணியில் ஒரு கூட்டம் சிரிக்கிற சத்தம் போடுவார்கள். முன்பு அது எனக்கு அருவருப்பு. தனியாக இருந்து பார்த்தபோது அந்தச் சத்தத்துக்கு நன்றி சொல்லத் தோன்றியது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டு, பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்ப்பேன். அதில் பத்திரிகைதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு தங்கச்சியைப் பார்க்கப் போவேன். டிவியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் மெலிந்திருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை மகள் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். தங்கச்சி அவளிடம், என்னைப் பார்க்காமல், "பாவம், அந்த மருமகன் இப்பவாவது போயிருப்பான்" என்றாள்.

"எங்க போக?" என்றேன் நான். "சூட்கேஸைப் பூட்டிக் குடுக்கிறேன்னு போய், மாமனார் சாவிய உள்ளுக்கு வச்சே பூட்டீட்டார்."

சொல்லிமுடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. மகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"உங்களுக்கு எப்பிடி மாமா தெரியும்?"

பஸ்ஸில் யாரோ இரண்டு பேர் கதைத்துக்கொண்டு வந்தார்கள் என்றேன். தங்கச்சி பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு மெதுவாக வைத்தாள்.

"பஸ்ஸுல வந்தவங்க வடிவாத்தான் பாத்தீக்காங்க" என்றாள். "அப்ப நாளைக்கும் அதே பஸ்ஸுலயே வாங்க நானா. மிச்சத்தக் கேட்டுட்டு வந்து செல்லுங்க."

டிவியைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள். கொண்டுபோனதை ஊரே பார்த்தது, இப்போது கொண்டுவந்தால் அதையும் பார்க்கும், இத்தா முடியட்டும் என்றாள். அதுவரை பஸ் இருக்கிறதே என்றாள்.

அதனால் தினமும் போனேன். இரவு தொடரைப் பார்த்து, அடுத்த நாள் பகலில் குண்டசாலையில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, அக்குறணையில் இறங்கி, பஸ்ஸில் கேட்டதாகச் சொல்லிச் சொல்லுவேன். தொடக்கத்தில் வகுப்புக்குப் பாடம் சுருக்கிச் சொல்வதுபோல முடிவை முதலில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "பஸ்ஸுல அவங்க எழும்பிக் காட்டல்லயா?" என்று மகள் கேட்டாள். எழுந்து காட்டினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மாமனார் போல நின்றேன். சூட்கேஸுக்குத் தலையணையைத் தூக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்க வந்தால் அறை வாசல் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு கேட்பார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேருக்குப் படிப்பித்த மாஸ்டர் தலையணையோடு நிற்பது அவர்களுக்குத் திரையினூடாகத் தெரிந்திருக்கும். என்னிடம் டிவி இருப்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாள்கூட யாரும் அந்த பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன். தங்கச்சியும் சாப்பிடத் தொடங்கினாள். ஆனால் சிரிப்பு வரும்போதெல்லாம் முந்தானை வாய்க்குப் போகும். கண் மட்டும் சிரிக்கும், தோள் குலுங்கும், சத்தம் வராது. ஒருநாள் அவள் தொழப் போனபோது, அன்றைக்கு உம்மா குரலைத் தடிப்பாக்கி என்ன சொன்னாள் என்று மகளிடம் கேட்டேன்.

"வாப்பா மாதிரி, போவான் போவான்னு சென்னாங்க" என்றாள். "வாப்பா மௌத்தானதுக்குப் பொறகு அன்டைக்கித்தான் மாமா, உம்மா முதல்ல சிரிச்ச."

நான் அன்று பிளேன்டீக்கும் நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இத்தா முடிந்ததும் டிவி அதே த்ரீவீலில் திரும்பிப் போனது. ரிமோட்டை நானே தங்கச்சியின் கையில் கொடுத்து, நான் செய்தது பிழை என்றேன். "டிவிக்கா செல்றீங்க?" என்று கேட்டாள். இல்லை, அன்று வாசலில் நின்று சொன்னதற்கு என்றேன். அவள் ரிமோட்டின் நீலப் பிளாஸ்டரை அழுத்திவிட்டுக்கொண்டு, "இரிங்க நானா, தொடங்கப்போகுது" என்றாள்.

இப்போதும் வாரத்தில் நான்கைந்து நாள் போகிறேன். மச்சானுடைய கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்க்கிறேன். பத்திரிகை விரிப்பதில்லை. தங்கச்சிக்கு முன்னால் நான் சிரித்துவிடுகிறேன், சத்தமாக, ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி. போன கிழமை சூட்கேஸ் வாசலுக்கு வந்ததும் அவள் குரலைத் தடிப்பாக்கி, "போவான், போவான்" என்றாள். மகள் சிரித்தாள், நான் சிரித்தேன். தங்கச்சிக்கும் சத்தம் வந்துவிட்டது. வந்த பிறகுதான் கை முந்தானையைத் தேடியது. அந்தப் பழக்கத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான். அன்றைக்கு அந்தக் கை கொஞ்சம் பிந்தித்தான் போனது.